அப்பாவின் ஈ.சி.ஜி.

1. தறியை விட்டு ஓய்வு பெற்ற அப்பாவைச் சிங்கப்பூரில் தன்னோடு வைத்துக்கொள்ள அண்ணன் ஆசைப்பட்டான்.
2. அங்கே வைத்தியச் செலவு அதிகம். எங்களுக்குக் கட்டுப்படியாகும் இன்ஷூரன்ஸ் ஒன்றுதான் இருந்தது.
3. ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால்தான் அதுவும் கிடைக்கும்.
4. ஆரணியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நானே எடுத்தேன்.

கோடு தாறுமாறாகத் துள்ளியது. மூன்று முறை எடுத்தும் அப்படியே. அண்ணனின் ஆசை அவ்வளவுதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டினேன்.

அவர் எழுந்து வந்தார். "இன்னொரு வாட்டி எடும்மா. மெஷினைப் பாக்காதே, அவர் கையைப் பாரு."

படுத்திருந்த அப்பாவின் வலது கை, தறிக்கயிற்றை இழுப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாப்பா பண்றீங்க?"

"சும்மா படுக்கச் சொன்னியே, பேஜாரா இருந்திச்சி. மனசுக்குள்ள ஒரு பொடவை நெய்ஞ்சிகினு இருந்தேன்."

"ஜல்தியா முடிங்க, என் சம்சாரத்துக்கு எடுத்துக்கறேன்" என்றார் டாக்டர்.

சிரித்து முடித்து மறுபடி எடுத்தேன். ஒரு குறையும் இல்லை.

கை அசைந்தால் கோடு துள்ளும் என்பது நான் படித்த முதல் பாடம். வேறு யாராக இருந்தாலும் கையைப் பார்த்திருப்பேன். அப்பாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். இந்த வருடமும் இன்ஷூரன்ஸைப் புதுப்பித்துவிட்டோம்.