பேத்தியின் மணிக்கட்டில் கட்டிய காப்பு

திருவண்ணாமலையில் வசிக்கும் எனக்கு, விடியலில் பதிகம் ஓதாமல் நாள் தொடங்காது. என்னோடு வசிக்கும் பேத்தி கயல்விழி, இங்கேயே மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிறாள். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது, அண்ணாமலையார் சன்னதியில் வைத்து வாங்கிய காப்புக் கயிற்றை அவளுடைய வலது மணிக்கட்டில் கட்டினேன்.

ஒருநாள் காலை, “தாத்தா, ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டிக்கினு வரக்கூடாதுனு சார் திட்டறாரு. கழட்டிடட்டா?” என்றாள்.

“சாமி காப்பும்மா அது. சட்டைக் கைக்குள்ள ஏத்தி விட்டுக்கோ. யார் பார்க்கப் போறாங்க?” என்றேன்.

“மாட்டினா உங்க பேரைத்தான் சொல்வேன்” என்று சிரித்தபடி போனாள்.

அன்று பிற்பகல், லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்த இரும்புக் கம்பியை அவள் உப்புத்தாளால் தேய்த்தபோது, கீழே நழுவிய கயிறு கம்பியில் சுற்றிக்கொண்டு கையை இழுத்துவிட்டது. அருகில் நின்ற தோழி இயந்திரத்தை நிறுத்தினாள். நைந்திருந்த கயிறு அறுந்ததால் கை தப்பியது. ஆனால் ஆள்காட்டி விரல் நொறுங்கிவிட்டது. அது இன்றுவரை மடங்கவில்லை.

“அண்ணாமலையார்தாங்க காப்பாத்தினாரு” என்றார்கள் பார்க்க வந்தவர்கள். என்னால் தலையசைக்க முடியவில்லை. கயிற்றை ஏன் கழற்றவில்லை என்று ஆசிரியர் கேட்டும் அவள் என் பெயரைச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஓதி முடித்ததும், “இன்னிக்கு ஒர்க்‌ஷாப் இருக்காம்மா?” என்று கேட்கிறேன். இருந்தால், வளையலோ கடிகாரமோ இல்லாத இரு கைகளையும் நீட்டிக் காட்டுகிறாள். அந்த விரலையும் பார்த்துவிட்டே அவள் நெற்றியில் திருநீறு இடுகிறேன்.