தப்பை நான்கு தடவை சொல்லும் பெட்டி

கிட்டார்காரன் ஒரு தடவை செய்த தப்பை, டிலே பெட்டி நான்கு தடவை ஊருக்குச் சொல்லும். பதினெட்டு வருடம் ஆர்கெஸ்ட்ராவில் அந்தப் பெட்டியைக் காலால் மிதித்தேன். இப்போது சேலம் அம்மாபேட்டையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, பிறர் மிதித்துக் கெடுத்ததைக் கழற்றி மாட்டுகிறேன். என்னைப் போலவே இந்தப் பெட்டிகளிடம் மாட்டிக்கொண்ட உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வாசித்ததைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்வதுதான் டிலே. எவ்வளவு தாமதம், எத்தனை தடவை, எவ்வளவு சத்தம் என்று மூன்று திருகு இருக்கும். அவ்வளவுதான் வித்தை.

தகரக் கூரை

முதல் பெட்டி வாங்கிய வாரம் ராசிபுரம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்குத் தகரக் கூரை, நாலு பக்கமும் மொட்டைச் சுவர். புதுப் பெட்டி ஆயிற்றே என்று மூன்று திருகையும் பாதிக்கு மேல் வைத்து வாசித்தேன். பெட்டி சொன்னதைச் சுவர் சொன்னது, சுவர் சொன்னதைக் கூரை சொன்னது. என்ன பாட்டு என்று எனக்கே பிடிபடவில்லை. மைக்செட்காரர் மேடையேறி வந்து என் வயரைப் பிடுங்கினார்.

"ஏனுங்க, மண்டபமே எக்கோ போடுது. நீங்க எதுக்குங்க ஊட்டுல இருந்து வேற தூக்கிட்டு வாரீங்க?"

தாளம் தப்பிய பெண்

கவிதா எங்கள் குழுவுக்குப் புதிது. நாமக்கல்லில் அது அவளுக்கு மூன்றாவது கச்சேரி. அன்றைக்கு நான் தாமதத் திருகைப் பாட்டின் வேகத்துக்குப் பொருத்தாமல் கண்ணளவில் வைத்துவிட்டேன். சத்தத் திருகும் அதிகம். டிரம்ஸ்காரர் பக்கத்து ஸ்பீக்கரில் என் கிட்டார்தான் ஓங்கிக் கேட்டது. அவர் நான் வாசித்ததை விட்டுவிட்டு, பின்னால் வந்த எதிரொலியைப் பிடித்துக்கொண்டார். தாளம் இழுத்துக்கொண்டே போனது. கவிதா மட்டும் சரியான வேகத்தில் பாடினாள். அதனால் அவள்தான் தப்பாகப் பாடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது சரணத்தில் திணறி நின்றே போனாள். கூட்டத்தில் சிரித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். எனக்குக் காரணம் தெரியும். ஆனால் என் இடத்துக்கு இன்னொருவன் காத்திருந்தான். வயரைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு தலைவர் அவளைக் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, பாடுவதை விட்டுவிட்டதாகச் சொன்னாள். "நெசமாச் சொல்லுங்கண்ணா, அன்னிக்கு நாந்தான் தப்புனனா?" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் முந்திட்ட" என்றேன். அவள் தலையாட்டினாள்.

"நீங்க சொன்னாச் செரியாத்தாண்ணா இருக்கும்."

மூன்று முறை வந்த பெட்டி

முருகேசன் விசைத்தறி ஓட்டுகிறவர். ஓய்வு நேரத்தில் கிட்டார் வாசிப்பார். எதிரொலி வரவில்லை என்று ஒரே பெட்டியை மூன்று முறை கொண்டுவந்தார். மூன்று முறையும் பெட்டி சரியாகவே இருந்தது. கடைசி முறை அவரையே உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு தந்தியைத் தட்டினார். எனக்கு நான்கு தடவை திரும்பக் கேட்டது. "பாத்தீங்களா, ஒண்ணோட நின்னுபோச்சு" என்றார்.

சத்தத் திருகை முழுசாக ஏற்றினேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது: மெல்லிய சத்தம் எதுவும் அவருக்கு எட்டவில்லை. பெட்டியில் பழுதில்லை, காது டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஞாயித்துக்கெழம தறி நின்னாக்கூட அது ஓடற சத்தம் எனக்குக் கேக்குதுங்களே. காது எப்படிங்க போயிருக்கும்?"

வெண்ணந்தூர்க்காரர்

போன வருடம் வெண்ணந்தூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய மகன் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போய், அங்கேயே விபத்தில் இறந்துவிட்டான். அவன் பையோடு ஒரு டிலே பெட்டியும் ஊருக்கு வந்திருக்கிறது. "இதுக்குள்ள அவன் வாசிச்சது ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை, இது எதையும் சேமித்து வைக்காது, அந்த நேரத்துக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு மறந்துவிடும் என்றேன். "அப்ப என்னதான் பண்ணும்னு காட்டுங்க" என்றார்.

என் கிட்டாரை அவர் மடியில் வைத்தேன். காய்ப்பேறிய விரலால் ஒரு தந்தியை இழுத்து விட்டார். சத்தம் திரும்பித் திரும்பி வந்து தேய்ந்தது. கடைசிச் சத்தம் அடங்கும்வரை குனிந்து கேட்டார். "அடங்காம வெக்க முடியுங்களா?"

முடியும். எத்தனை தடவை என்கிற திருகைக் கடைசிவரை திருப்பினேன். சத்தம் அடங்கவில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பெருத்து, ஸ்வரமெல்லாம் போய் வெறும் ஊளையானது. அறைக் கண்ணாடி அதிர்ந்தது. அவர் சட்டென்று உள்ளங்கையால் பெட்டியைப் பொத்தினார். நான் மின்சாரத்தை நிறுத்தினேன். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வேண்டாஞ் சாமி. அடங்கற மாதிரியே வெச்சுக் குடுத்துருங்க."

இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலில் நான் கண்டுபிடித்தது, பழுது என்று வருகிற பெட்டிகளில் பாதி நன்றாகத்தான் இருக்கின்றன என்பது மட்டுமே.