வடக்குச் சுவருக்குள் சிமெண்ட்

என் அண்ணன் பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருஷமாக ஊரே அவனை ஏசியிருக்கிறது. பஸ் நின்றாலும் ஏச்சு, நிற்காவிட்டாலும் ஏச்சு. அவனை ‘சார்’ என்று கூப்பிட்ட ஒரே இடம் அந்தப் பழைய தபால் கட்டடம்தான்.

எங்கள் சங்கத்தில் பத்தே பேர். இடிக்க இருந்த அந்தக் கட்டடத்துக்காக நகராட்சியோடு மல்லுக்கட்டி, ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் சுரண்டுவதும் பூசுவதுமாகக் கிடந்தோம். நான் செயலாளர்; அதாவது கடிதம் எழுதுவதும் கத்துவதும் என் வேலை. அண்ணி இறந்துபோன பிறகு வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, “பாக்கறதுதான் பாக்கறே, அங்க வந்து பாரு” என்று இழுத்துப் போனதும் நான்தான். இரண்டே வருஷத்தில் சுண்ணாம்புப் பூச்சில் அவனை அடிக்க ஆளில்லை என்றாகிவிட்டது. அவன் எடுக்கும் ஞாயிறு பூச்சு வகுப்பில் பேங்க் மேனேஜரும் பல் டாக்டரும் கொத்துக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, “இது சரியா சார்?” என்று அவன் முன்னால் நிற்பார்கள். அன்றைக்கெல்லாம் அவன் நன்றாகச் சாப்பிடுவான்.

அந்த மகா புத்திசாலிதான் இதைச் செய்தான்.

வடக்குச் சுவரில் விரிசல் விட்டது. சுண்ணாம்பு என்றால் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மேலே மறுபடி பூச வேண்டும். ஒன்றரை மாதம் பிடிக்கும். நகராட்சி இன்ஜினியரோ மூன்றே வாரத்தில் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் கட்டடம் நிற்கும், போடாவிட்டால் புல்டோசர். அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை யாரும் இல்லாத நேரம் பார்த்து விரிசல் முழுக்கச் சிமெண்டை அடைத்து, மேலே சுண்ணாம்பைப் பூசி மறைத்துவிட்டான். பழைய சுவரில் சிமெண்டைத் தொடாதீர்கள் என்று வாராவாரம் தொண்டை கிழியக் கத்துகிறவன்!

பத்து நாள் விடாமல் மழை பெய்தது. செங்கல் குடித்த தண்ணீர் வெளியேறச் சிமெண்ட் வழிவிடவில்லை. இன்ஜினியர் வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அண்ணன் என் சமையலறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. சிமெண்ட் வைத்ததைச் சொன்னான்.

“தட்டினா தொம்முனு கேக்குது. உள்ள செங்கல் மாவாயிடுச்சு. விழுந்துடும்மா.”

“அடப்பாவி! உன்ன யாரு கேட்டா?”

“எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

சொல்லித் தொலை என்று விட்டிருக்க வேண்டும். ஐந்து வருஷம் கண் முன்னால் நின்றது எனக்கு.

“வாயத் திறந்தே, கொன்னுடுவேன். மொதல்ல கையெழுத்து விழட்டும். அப்புறம் நாமளே பிரிச்சுக் கட்டிக்கலாம்.”

“அதுக்குள்ள சுவர் விழுந்தா?”

“விழாது.”

எனக்கென்ன தெரியும்? விழக்கூடாது என்று இருந்தது, விழாது என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை இன்ஜினியர் வந்தார். வடக்குச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “யாரு பூசினது? நல்ல கை” என்றார். பேனாவை எடுத்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்துப் பேங்க் மேனேஜர் உற்சாகமாகச் சொன்னார்: “ஞாயித்துக்கெழம வகுப்ப இந்தச் சுவர் ஓரமாவே வச்சுக்கலாம் சார்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

“சார், போட்டுடாதீங்க. உள்ள சிமெண்ட் இருக்கு. நான்தான் வச்சேன்.”

இன்ஜினியர் விரல் முட்டியால் தட்டினார். இன்னோர் இடத்தில் தட்டினார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, தானும் வந்து அண்ணனைக் கேட்டார்.

“வேற யாருக்குத் தெரியும் இது?”

“யாருக்கும் தெரியாது சார். நான் ஒருத்தன்தான்.”

நான் வாயே திறக்கவில்லை. கட்டடத்தை இடிக்க வேண்டும் என்று வாசலில் நின்றபடியே எழுதினார்.

அன்று மாலையே சங்கத் தலைவர் வீட்டில் கூட்டம் போட்டார்கள். பல் டாக்டர் அழுதுவிட்டார். “அஞ்சு வருஷத்தயும் மண்ணாக்கிட்டியேய்யா!” அண்ணன் கதவோரம் நின்றான். அவனைச் சங்கத்திலிருந்து நீக்கச் சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னார் தலைவர். எட்டுக் கை எழுந்தது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “கூடப் பொறந்தவங்க, நீங்க வேணா விட்டுடுங்கம்மா” என்றார் தலைவர். அந்த இரக்கம் என்னைச் சுட்டது. ‘எனக்கும் தெரியும், வாயை மூடு என்றவளே நான்தான்’ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன, தலையா போய்விடும்? நாக்கு எழவில்லை. கைதான் எழுந்தது.

தீர்மானத்தைச் செயலாளர்தான் எழுத வேண்டும். நோட்டைத் திறந்துவிட்டுப் பேனாவைத் தேடினேன். அண்ணன் பக்கத்தில் வந்து, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

வாங்கி எழுதினேன்.