யமுனாவின் முழங்காலுக்காக எண்ணூரிலிருந்து ராயபுரம்

விளையாட்டில் முழங்காலைக் கெடுத்துக்கொண்ட ஒருவரோடு வடசென்னையில் இன்னொரு டாக்டரைத் தேடி அலையப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது போன டிசம்பரில், ஒரு திங்கட்கிழமை.

என் தங்கை யமுனா கால்பந்து ஆடுகிறவள். வீடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில். முந்தின நாள் காட்டுப்பள்ளியில் நடந்த போட்டியில் பந்தோடு சட்டென்று திரும்பியவள் அப்படியே விழுந்துவிட்டாள். யாரும் இடிக்கவில்லை. எண்ணூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலைப் பிடித்துவைக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்திருக்கிறது, உள்ளே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வும் கிழிந்திருக்கிறது, இந்த வாரமே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

'இந்த வாரமே' என்றதுதான் எனக்கு உறுத்தியது. என்னோடு வேலை பார்ப்பவரின் மகனுக்கு இதே ஏசிஎல் அறுந்தபோது, வீக்கம் வடியட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்துதான் செய்தார்கள். இங்கே மட்டும் என்ன அவசரம்? வரவேற்பில் இருந்த பெண் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இரண்டாம் முறை கேட்டதும் சந்தேகம் முற்றிவிட்டது.

யமுனாவும் ஒத்து ஊதினாள். "இந்தாளு கத்தி வெக்கவே பாக்குறாருக்கா. வேற டாக்டராண்ட போலாம்." அடுத்த மாதம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு அவளுக்குத் தேர்வு இருந்தது.

எனக்குத் தெரிந்த இன்னொரு எலும்பு டாக்டர் இருந்தது ராயபுரத்தில். அங்கே பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். ரயில் சீக்கிரம் போகும்தான், ஆனால் மடங்கிய காலோடு படி ஏற முடியாது. ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, கால் இப்டி மடங்கிக்கினு கீது? ஆஸ்பத்திரிலாம் பேஜாரு. எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு கீது, எண்ணெ போட்டு கட்டு கட்டுவாங்கோ. இட்டுகினு போவட்டா?"

"வேணாண்ணா, ராயபுரத்துக்கே போங்க" என்றேன். இவருக்கும் அங்கே கமிஷன் இருக்குமோ என்று தோன்றியது. அன்றைக்கு எனக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை.

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்தெருவில் இருந்த கிளினிக்கில் எலும்பு டாக்டர் அம்மா ஸ்கேனை அப்புறம் பார்ப்பதாகச் சொல்லி ஓரமாக வைத்தார். "காலை முழுசா நீட்டும்மா" என்றார். யமுனா பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். பாதியிலேயே நின்றுவிட்டது.

"இதுக்கு முன்னாடி இந்தக் கால் சுளுக்கிருக்கா?"

யமுனா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "தீபாவளிக்கு முன்னால டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம். வீங்கிச்சு. துணியச் சுத்திகினு ஆடுனேன். அப்பப்போ கால் நழுவும்."

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைச் சந்தேகப்படவே இல்லை.

டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளக்கினார். "ஏசிஎல் அப்பவே அறுந்திருக்கணும். பிடிப்பில்லாம ஆடி ஆடி மெனிஸ்கஸும் கிழிஞ்சிடுச்சு. கிழிஞ்ச துண்டு புரண்டு மூட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு, அதான் கால் நீளல. ஏசிஎல் மட்டும்னா காத்திருக்கலாம். இதை விட்டா தைக்க முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். அவர் சொன்னது சரி. அங்கேயே போங்க."

"செலக்‌ஷன் போச்சேக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள் யமுனா. திட்ட வாயெடுத்தவள் அடங்கிவிட்டேன்.

அதே சாலையில், அதே லாரிகளுக்கு நடுவே எண்ணூருக்கே திரும்பினோம். டாக்டரிடம் எங்கே போனோம் என்று சொன்னேன். "இன்னைக்கே வந்தீங்களே, அது போதும்" என்றார். சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு ஜவ்வைத் தைத்தார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து, அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலாகப் பொருத்தினார்கள். அந்த வேலை கைவிட்டுப் போனது. பல வாரம் ஊன்றுகோல், பிறகு தினமும் பிசியோ. இப்போது மெதுவாக ஓடுகிறாள். பந்தைத் தொட இன்னும் அனுமதி இல்லை.

போகிறவர்களுக்கு: இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை, ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். 'ஏன் இப்போதே?' என்று முதல் டாக்டரிடமே கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஸ்கேன் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கால் நீளாமல் பூட்டிக்கொண்டால் கட்டுப் போடும் இடத்துக்குப் போகாதீர்கள்.

பிசியோ முடிந்து வந்ததும் வலிக்கிறதா என்று கேட்கிறேன். "இல்லக்கா" என்கிறாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. முழங்காலை அழுத்தியபடி அவள் முகத்தையே பார்க்கிறேன்.