ரேடியேட்டரில் மஞ்சள்

தேனாம்பேட்டை சிக்னல் அருகே நான் வந்த டாக்ஸியின் ரேடியேட்டர் ஒழுகியது. டிரைவர் பொட்டலத்தைப் பிரித்து மூன்று கரண்டி மஞ்சள்தூளை அதில் கொட்டினார். "ஓட்டைய அடைச்சிக்கும், நைனா." சூடான மஞ்சள் வாசனை எழுந்தது.

அப்பா பட்டாளத்தில் மெக்கானிக். யுத்தத்தின்போது சமையல் கூடாரத்து மஞ்சளைக் கொட்டியே பன்னிரண்டு லாரிகளை ஓடவைத்தார். பதினொன்று திரும்பின. ஒன்று வழியில் சூடேறி நின்று குண்டுக்கு இரையானது. அதை ஓட்டிப் போனவர் அம்மாவின் தம்பி.

அதன்பின் எங்கள் ராயப்பேட்டை வீட்டில் குழம்பு வெளுத்தே இருந்தது. "ஏம்மா மஞ்சள் போடறதில்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்கப்பா சாப்பிடணும்ல," என்றாள் அம்மா.

"போலாமா நைனா?" டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"எவ்வளவு தூரம் தாங்கும்?" என்றேன்.

மாமாவும் அப்பாவிடம் அதைத்தான் கேட்டிருப்பார்.