தண்டி என்றால் குளிர்

தினமும் காலை ஏழு மணிக்கு, புனேயில், ஒரு பொத்தானை அழுத்தி எங்கள் ஊர் வெயிலை வரவழைக்கிறேன். வெளியே டிசம்பர். போசரியிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்தவர்கள் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக டீக்கடையில் நின்று தம்ளரில் கையைச் சூடாக்கிக்கொண்டிருப்பார்கள். நான் வேலை பார்க்கும் விளையாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடி அறை உண்டு. பொத்தானை அழுத்திய அரைமணி நேரத்தில் அது அம்பாசமுத்திரத்துச் சித்திரை மாதமாகிவிடும். புழுக்கம்கூட அளவு பிசகாது. கருவிகளைச் சரிபார்க்க உள்ளே போகும்போது கழுத்தில் முதல் வேர்வை இறங்கும். வீட்டுக்கு வந்துவிட்டதுபோல இருக்கும். கதவைத் திறந்தால் மறுபடி மகாராஷ்டிரம்.

அந்த வெயிலில் ஓட்டக்காரர்கள் டிரெட்மில்லில் முக்கால் மணி நேரம் ஓடுவார்கள். முதல்முறை வெறும் பனியனோடு. இரண்டு வாரம் கழித்து, பைகளில் பனிக்கட்டிப் பொதி செருகிய சட்டையோடு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நான் இரத்தம் எடுத்து வெள்ளணுக்களை எண்ணுவேன். மறுநாள் வந்து, தொடைவலி பத்துக்கு எத்தனை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே ஓடினால் நோய் எதிர்ப்புக்கும் தசைவலிக்கும் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் இதற்கு எப்போதோ விடை சொல்லியாயிற்று. அப்பா அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவர். வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர்ப் பக்கம் போக அம்மா விடமாட்டாள். "வேர்வ ஆறட்டும். வேத்த ஒடம்புல தண்ணிய ஊத்துனா சன்னி கண்டுரும்" என்பாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பரிசோதனைக்கூடப் படிப்புப் படித்து, சான்றிதழ் வாங்கி, ரயிலேறி இவ்வளவு தூரம் வந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. வேர்த்து நின்ற ஒருவருக்கு முதல்முதலாகப் பனிச்சட்டையை மாட்டியபோது கை கூசியது.

ஸ்வாதி என்ற பெண் வந்தது அந்தச் சமயத்தில்தான். பத்தொன்பது வயது, கரும்பு வெட்டும் குடும்பம், ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். இரண்டு வருடமாகத் தேர்வு ஓட்டத்துக்கு முந்தைய வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாளாம். இந்தத் தடவையும் தவறினால் விளையாட்டு விடுதியில் இடம் போய்விடும். பிறகு கரும்புக் கத்திதான்.

சட்டையில்லாமல் அவள் ஓடிய அன்று எடுத்த இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். நோயில்லை, காயமில்லை. ஆனாலும் வெள்ளணுக்கள், எதிரி எல்லைக்கு வந்துவிட்டதுபோலத் திரண்டு நின்றன. வெறும் ஓட்டத்தை உடம்பு போர் என்று நினைத்துக்கொள்கிறது. மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். வலிக்கு எட்டு போட்டாள்.

இரண்டாம் முறை சட்டையைத் தொட மறுத்தாள். பனியைக் கட்டிக்கொண்டு ஓடினால் காய்ச்சல் வரும் என்று அவள் அம்மா போனில் சொல்லியிருந்தாளாம். எங்கம்மாவுக்கு மராட்டி எப்போது வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"தாதா, தாப் ஆலா தர்?" என்றாள். அண்ணா, காய்ச்சல் வந்துவிட்டால்?

எனக்குத் தெரிந்த இந்தியில், "மாலூம் நஹி" என்றேன். உண்மையாகவே தெரியாது. தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்துவிட்டுச் சட்டைக்குக் கையை நீட்டினாள்.

ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், "கூப் தண்டி ஆஹே, தாதா" என்றாள். எங்கள் ஊரில் தண்டி என்றால் பருமன். சட்டை பெரிதாக இருக்கிறது போல என்று ஓட்டத்தை நிறுத்தாமலே வாரை இழுத்து இறுக்கினேன். "தண்டி, தண்டி" என்று கத்தினாள். இன்னும் இறுக்கினேன். ஆய்வை நடத்தும் டாக்டர் மேடம் ஓடிவந்து, தண்டி என்றால் குளிர் என்று சொல்லி வாரைத் தளர்த்துவதற்குள் அவளுக்குப் பல் கிட்டிவிட்டது.

அதே பெண், அதே வேகம், அதே வெயில். ஆனால் அணுக்கள் அந்த அளவுக்குத் திரளவில்லை. நம்பாமல் இரண்டு தடவை எண்ணினேன். மறுநாள் படியில் நேராக இறங்கி வந்து ஐந்து என்றாள். ஒரே ஆளை வைத்து எதுவும் சொல்லக் கூடாது, அணுக்கள் அடங்கியது நல்லதா என்பதே இன்னும் தெரியாது, காய்ச்சல் வருமா என்பது வேறு கேள்வி என்று மேடம் எச்சரித்தார். சரிதான். ஆனாலும் நெஞ்சின் மேல் வைத்த பனிக்கட்டியின் சேதி இரத்தத்துக்குள் இருக்கும் கண் தெரியாத காவல்காரர்கள் வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது? தமிழில் சூடும் ஆறும், புண்ணும் ஆறும். ஒரே வினைச்சொல். இத்தனை நாள் அதைச் சும்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேர்வு நாள் காலையில் மைதானத்துக்குப் போனேன். மூச்சு விட்டால் புகை. ஸ்வாதி என் கையை இழுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. "தாப் நாஹி" என்றாள். முதல் நான்கு பேருக்கு விடுதியில் இடம். கடைசிச் சுற்றில் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தவள் மூன்றாவதாக முடித்தாள். உடம்பெல்லாம் ஆவி பறக்க நின்று, பாட்டில் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தாள். 'வேர்வ ஆறட்டும்' என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"என்னய்யா, பல்லு கிட்டுது?"

"ஒண்ணுமில்லம்மா. இங்க ரொம்ப தண்டி."

"எது தண்டி? நீயா?" அவள் குரல் மலர்ந்துவிட்டது. "இப்பமாச்சும் ஒடம்புல சத பிடிச்சுதே. ஏங்க, கேட்டியளா, புள்ள தண்டியாயிட்டானாம்."

நான் திருத்தவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். பார்ப்பதற்குக் கொஞ்சம் தண்டியாகத்தான் இருந்தேன்.