ரிசிகத் காய்ச்சிய கசாயம்

பல்கலைக்கழகத்துக்காரர்கள் மேல் லமிடிக்கு வருஷக்கணக்கில் வன்மம். அக்கா ரிசிகத்தின் அக்போ மூலிகைக் கசாயத்தில் ஒரு பாட்டிலைச் சோதிக்க வாங்கிப் போனவர்கள், நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை வந்து சொல்லவில்லை. "பக்குவத்தைத் திருடிட்டானுங்க" என்று பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் திட்டுவான்.

புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை ரிசிகத் கரையேற்றியது அந்தக் கசாயத்தில்தான். வேப்பம்பட்டை, மாம்பட்டை, எலுமிச்சைப்புல். விடிந்தால் நைஜீரியாவின் ஒக்போமோஷோ பஸ் நிலையத்தில் அவள் குரல் கேட்கும்.

"டிரைவருங்களா, வாங்க! வயித்துல இருக்கிற அழுக்கெல்லாம் போகும். மனசுல இருக்கிறதுக்கு மட்டும் என்கிட்ட மருந்து கெடையாது!"

அவள் காலில்தான் கொதிக்கிற பானை கவிழ்ந்தது. சொந்தக் கசாயத்தைக் குடித்தாள், அதிலேயே கழுவினாள். புண் ஆறாமல் நாற்றமெடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஊசி கேட்காவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்து அதுனோலாவிடம் லமிடி கசாய பாட்டிலும் பட்டை, புல்லுமாகப் போய் நின்றான். "உங்க மருந்தையும் எங்க அக்கா மருந்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரும்மா. தைரியம் இருக்கா?"

மறுநாள் அவள் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு ஒன்றை நீட்டினாள். சாதாரணக் கிருமி பரவிய தட்டு. கிருமிக்கொல்லி மாத்திரை மருந்தில் நனைத்த காகிதத்தைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக வெளுத்திருந்தது. கசாயக் காகிதத்தைச் சுற்றியும் அதே அளவு வட்டம்.

"பாத்தியா!" லமிடி கத்தினதில் வராந்தாவே திரும்பியது.

"இருங்கண்ணே. நீங்க கொடுத்த பட்டை, புல்லையெல்லாம் நானே காய்ச்சி வெச்சேன். இதோ." நகக்கண் அகல வட்டம். "பட்டைக்கு இவ்வளவுதான் பலம். பாட்டில்ல வேற என்னமோ இருக்கு. இந்த இன்னொரு தட்டுல இருக்கிறது உங்க அக்கா புண்ணுல இருந்த கிருமி."

அந்தத் தட்டில் வட்டமே இல்லை. மாத்திரைக் காகிதத்தின் மேலேயே கிருமி பாசியாக ஏறியிருந்தது. கசாயக் காகிதத்தின் மேலும்தான்.

"கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையைத் தின்னு பழகின கிருமிண்ணே. இனி அதுக்கு அசையாது. மத்த மருந்தும் வெச்சுப் பாத்துட்டேன், எதுவும் கேக்கல."

லமிடி மேசை மேலிருந்த பாட்டிலைப் பார்த்தான். தினம் அவனும் அதைத்தானே குடிக்கிறான். ஊரே குடிக்கிறதே.

அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னக்கா போட்ட?"

"சேப்பு மஞ்சக் குப்பி மாத்திரை, கிருமியைக் கொல்ற மருந்து. பானைக்கு ரெண்டு பிரிச்சுக் கொட்டுவேன். சந்தையில எல்லாரும் போடறாங்கடா. பட்டை மெதுவா வேலை செய்யும். டிரைவருக்குச் சாயங்காலமே சரியாகணும், இல்லேன்னா அடுத்தவகிட்டப் போயிடுவான்."

"கால் போகுதுக்கா!"

"தெரியும்." ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உனக்குத்தான் ஊரையே எழுப்புற தொண்டையாச்சே. காலையில நான் நிக்கிற எடத்துல போய் நில்லு. நான் என்ன போட்டேன்னு கத்திச் சொல்லு. என் பேரைச் சொல்லியே சொல்லு."